கலங்கல், காவி, வாடை, உப்பு: டெல்டா வீடுகளின் குடிதண்ணீர்க் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மேட்டூர் திறக்கும் ஜூன் மாதம் தொடங்கி (வழக்கமான தேதி 12) தை பிறக்கும்வரை காவிரிப் படுகையில் குடிதண்ணீர் நாலைந்து விதமாகக் கெடும். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் கலங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி வந்து செப்டிக் டேங்க்கைத் தொடும். புயல் அடித்தால் கடலோரத்தில் உப்பு ஏறும். உங்கள் வீட்டுக் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். எந்தத் தலைப்பானாலும் முதல் வேலை மட்டும் ஒன்றுதான்.

## எதையும் வாங்குவதற்கு முன்: மூன்று பாட்டில்

லேபிளைக் கிழித்த ஒரு லிட்டர் பாட்டில் மூன்றைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாட்டில் தண்ணீர் வரும் இடத்தில்: அடிபம்பு வாய், மோட்டார் டெலிவரி குழாய், அல்லது தெருக்குழாய். இரண்டாவது மாடித் தொட்டியில். மூன்றாவது அடுப்படியில் குடிக்கிற குடத்தில். ஒவ்வொன்றிலும் முக்கால் அளவு பிடித்து மூடி, எங்கே பிடித்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

குலுக்கி, மூடியைத் திறந்த உடனே மோந்து பாருங்கள். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து நிறம் பாருங்கள். அரை மணி கழித்து ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கோளாறு ஊற்றில். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால் தொட்டியில், அல்லது தொட்டிக்குப் போகும் குழாயில். மூன்றாவது மட்டும் கெட்டிருந்தால் குடத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். செலவு ஒரு பிடி புளி, ஒரு பிடி உப்பு. ஊற்று சுத்தமாக இருந்து தொட்டியில் கெடும் வீட்டில் போய் ஆர்.ஓ. மாட்டுவது, ஓட்டை வாளிக்குப் புதுக் கயிறு வாங்குவது மாதிரி.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். அது கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் காட்டும். சாக்கடை கலந்த தண்ணீரும் 400 காட்டும், நல்ல கிணற்றுத் தண்ணீரும் 400 காட்டும். கிருமி, இரும்பு, பூச்சிமருந்து எதற்கும் அதை நம்பக்கூடாது.

## தண்ணீர் கலங்கலாக வருகிறது

குழாய்த் தண்ணீர், முதல் பத்து நிமிடம் மட்டும் கலங்கல்: விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில் குழாய்க்குள் படிந்த மண் முதலில் வரும். அதைச் செடிக்கு விட்டு, தெளிந்த பிறகு பிடியுங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

குழாய்த் தண்ணீர், கடைசிவரை கலங்கல்: எதிர்வீட்டிலும் பக்கத்துத் தெருவிலும் கேளுங்கள். எல்லோருக்கும் அப்படியென்றால் மெயின் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. கொள்ளிடத்து மணலில் போட்ட கிணறுகளிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் மணலிலேயே வடிகட்டப்பட்டு வருவது. அது சேறாக வந்தால் வழியில்தான் கோளாறு. டேங்க் ஆபரேட்டரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் அன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் என்றால், வீட்டு இணைப்பு சாக்கடையைத் தாண்டும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள். பிளம்பர் வேலை. குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சும் வழக்கம் இருந்தால், காரணம் அதுவாகவே இருக்கலாம். உறிஞ்சும்போது குழாயின் ஒவ்வொரு விரிசலும் வாயைத் திறந்து, வெளியே தேங்கிய சாக்கடையை உள்ளே இழுக்கும். தொல்லை உங்களுக்கு மட்டுமல்ல, அந்த லைனில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும்.

அடிபம்பு அல்லது போரில் மணல் வருகிறது: பாட்டிலில் பிடித்து வைத்தால் இரண்டு நிமிடத்தில் அடியில் நறநறவென்று படியும். கொஞ்ச நாள் ஓட்டினால் நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். ஃபில்டர் பைப் கிழிந்திருக்கும், அல்லது கேசிங் இணைப்பு விலகியிருக்கும். போர் போடுகிறவரைக் கூப்பிட்டு கம்ப்ரசர் வைத்து ஊதச் சொல்லுங்கள். ஊதிய பிறகும் மணல் வந்தால் புது ஃபில்டர் பாயிண்ட்தான்.

மழை பெய்த மறுநாள் மட்டும் அடிபம்பு கலங்குகிறது: பம்பைச் சுற்றியுள்ள சிமெண்ட் மேடையைப் பாருங்கள். விரிசல் வழியாக மேல்தண்ணீர் இறங்குகிறது. ஒரு குடம் தண்ணீரை மேடையில் ஊற்றினால் எங்கே வாங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். விரிசலைக் கொத்திச் சிமெண்ட் பூசி, கழிவுநீர் ஓடிப்போக வாய்க்கால் விடுங்கள். பூசும்வரை அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது.

கலங்கலைத் தெளிய வைக்க: படிகாரக் கட்டியை நூலில் கட்டி 20 லிட்டர் தண்ணீரில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் போதும், பொடியென்றால் அரை கிராம், இரண்டு விரலில் எடுக்கும் சிறு சிட்டிகை. முதலில் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கும்போதுதான் தூசு ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு பஞ்சாகத் திரளும். இதை அவசரப்பட்டு விட்டுவிட்டுப் படிகாரம் வேலை செய்யவில்லை என்பார்கள். தேற்றாங்கொட்டை என்றால் மண்பானையின் உள்சுவரில் தண்ணீர் தொட்டு உரைத்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். எதுவானாலும் ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்து, மேல்தண்ணீரை மட்டும் நாலாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடியுங்கள்.

தெளிந்தது சுத்தமானது அல்ல. தெளிய வைத்தபின் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது குளோரின் போட வேண்டும். வரிசையை மாற்றிக் கலங்கலில் குளோரின் போட்டால் மருந்தைச் சேறு தின்றுவிடும்.

## வெள்ளம் கிணற்றுக்குள் போய்விட்டது

வெண்ணாறு, அரசலாறு, வெட்டாறு எது கரை மீறினாலும், வயலில் நின்ற தண்ணீர் உறைக்குள் இறங்கினால் அந்தக் கிணறு கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அப்படித்தான்.

வெளியே நிற்கும் தண்ணீர் வடியும்வரை கிணற்றைத் தொடாதீர்கள். சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் உறை சரியும். வடிந்த பிறகு குப்பை, இலை, செத்த எலியை அரிகூடையால் வாரி எடுங்கள். யாரும் உள்ளே இறங்க வேண்டாம். அடியில் காற்று கெட்டிருக்கும். டீசல் இஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி இறைப்பது உயிருக்கே உலை வைக்கும். இஞ்சின் மேலே இருக்கட்டும், ஹோஸ் மட்டும் கீழே போகட்டும். பாதி இறைத்து, ஊறவிட்டு, மறுபடி பாதி. இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் கலங்கல் குறையும்.

அடுத்தது கணக்கு. விட்டத்தையும் தண்ணீர் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்துகொள்ளுங்கள்.

விட்டம் × விட்டம் × ஆழம் × 22 = லிட்டர்

மூன்றடி உறையில் ஆறடி தண்ணீர்: 3 × 3 × 6 × 22 = 1,188. சுமார் 1,200 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும், ஆக 60 கிராம். பிளீச்சிங் பவுடர் 25 சதவீத வீரியம் என்றால் 240 கிராம் போட வேண்டும். நாலரை அங்குல போருக்கு இதே கணக்கில் அடிக்கு மூன்று லிட்டர் வரும்; நூறடி தண்ணீர் நிற்கும் போருக்கு சுமார் 310 லிட்டர், பவுடர் 60 கிராம் போதும்.

பவுடர் நல்லதா என்று முதலில் பாருங்கள். உலர்ந்து உதிரியாக இருக்க வேண்டும், மூட்டையைத் திறந்ததும் மூக்கில் ஏற வேண்டும். மழையில் நனைந்து கட்டி கட்டியாக, வாடையில்லாமல் கிடப்பது வெறும் சுண்ணாம்பு. ஊராட்சியில் கேட்டால் போன வருஷத்து மூட்டையின் அடியிலிருந்து அள்ளித் தரக்கூடும், வாங்கும் இடத்திலேயே மோந்து பார்த்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, பிறகு வாளி முக்கால் நிறைய ஊற்றிக் கலக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். அடிமண்டி உள்ளே போகக்கூடாது. வாளியைக் கயிற்றில் இறக்கி மேலும் கீழும் இழுத்துக் கலந்துவிடுங்கள். உறையின் உள்சுவரிலும் அந்தத் தண்ணீரையே அடியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். கழிப்பறை ஆசிட் பட்ட வாளியைத் தொடவே கூடாது. ஆசிடும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் விஷவாயு.

மோட்டாரை ஓட்டி, குழாயில் பிளீச்சிங் வாடை வரும்வரை விட்டு நிறுத்துங்கள். குழாயும் சுத்தமாகிவிடும். 12 முதல் 24 மணி நேரம் யாரும் தொடக்கூடாது. பிறகு வாடை மெலிதாகும்வரை இறைத்து வெளியே விடுங்கள். மீன் குட்டைக்கும் நாற்றங்காலுக்கும் அந்தத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு வாரம் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். வாரம் கழித்துத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எப்போது ஆள் கூப்பிடுவது: இரண்டு முறை பிளீச்சிங் போட்டும் பரிசோதனையில் கோலிஃபார்ம் (சாக்கடைக் கலப்பைக் காட்டும் கிருமி) வந்தால், உறை விலகியிருந்தால், அல்லது கிணற்றைச் சுற்றித் தரை உள்வாங்கியிருந்தால் மேலும் பவுடர் வாங்கிப் பயனில்லை. மேல் மூன்று உறையைச் சுற்றித் தோண்டி, வெளிப்புறம் களிமண்ணும் சிமெண்ட்டும் வைத்து அடைக்க வேண்டும். அது கிணறு வெட்டுகிறவர் வேலை.

## பிடிக்கும்போது தெளிவு, அரை மணியில் மஞ்சள்

முதல் பாட்டிலை மறுபடி பாருங்கள். பிடித்த உடனே கண்ணாடி மாதிரி இருந்து, காற்றுப் பட்டதும் மஞ்சளாகி, மறுநாள் அடியில் காவி படிந்தால் நிலத்தடியிலேயே இரும்பு இருக்கிறது. மாறாக முதல் பத்துக் குடம் மட்டும் செம்மண் நிறமாக வந்து பிறகு தெளிந்தால் அது ஜி.ஐ. பைப்பின் துரு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சந்தேகமென்றால் கொய்யா இலை இரண்டைக் கசக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இருந்தால் ஊதாக் கறுப்பாக மாறும். பால் விடாத டீ மைக்கறுப்பாக ஆவதும், சோறு பழுப்பாக வடிவதும் இதே காரணம்தான்.

துரு என்றால்: அடிபம்பு பைப்பைக் கழற்றி, அரித்த துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும். அடிபம்பு மெக்கானிக் ஒரு நாளில் முடித்துவிடுவார்.

மண்ணிலேயே இரும்பு என்றால்: செலவில்லாத வழி காற்றுக் காட்டுவது. ஒரு அண்டாவிலிருந்து இன்னொரு அண்டாவுக்கு ஓரடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை மாற்றி ஊற்றுங்கள். இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் காவி அடியில் தங்கியிருக்கும், மேல்தண்ணீரைத் துணியில் வடித்தால் போதும். கொஞ்சம் மெனக்கெடத் தயாரென்றால் மூன்று பானை அடுக்கு: மேல்பானையில் அடியில் ஓட்டை போட்டுச் சல்லி, ஆற்று மணல், நடுப்பானையில் கரித்துண்டு, கீழே சேகரிக்கும் பானை. மணலை வாரம் ஒருமுறை அலச வேண்டும். அலசாத மணல் இருப்பதைவிட மணல் இல்லாமலே இருக்கலாம்.

லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கும், சுவை தெரியும். பல மில்லிகிராம் இருந்தால் பானை தாங்காது. அப்போதுதான் இரும்பு நீக்கும் ஃபில்டர் வாங்க வேண்டும். வாங்குமுன் ஆய்வுக்கூட எண் கையில் இருக்கட்டும், அந்த எண்ணுக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். தினம் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரை அலச வீட்டில் ஆள் உண்டா என்றும் யோசியுங்கள். இரும்பு உள்ள தண்ணீரை நேராக ஆர்.ஓ.வுக்கு விட்டால் மெம்பரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) சில மாதத்தில் காவி பூசிச் சாகும்.

## மேலே எண்ணெய் மாதிரி படலம்

குச்சியால் படலத்தை வெட்டுங்கள். அப்பளம் உடைவது போல் துண்டு துண்டாகி அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியா, மேலே சொன்ன இரும்பு வைத்தியமே போதும். வெட்டிய இடம் உடனே ஓடி ஒன்றாகச் சேர்ந்தால் டீசல் அல்லது எண்ணெய். பக்கத்தில் டீசல் இஞ்சின் கசிகிறதா பாருங்கள். எண்ணெய் கலந்த தண்ணீரைக் காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் குடிக்கத் தகாது. வேறு தண்ணீருக்கு மாறி, ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

## வாடை அடிக்கிறது

அழுகிய முட்டை வாடை: இரண்டு நாள் ஓட்டாத மோட்டாரில் முதல் ஐந்து நிமிடம் மட்டும் வந்தால் குழாயில் தேங்கியது, விட்டுவிடுங்கள். ஆழ்போரில் எப்போதும் வந்தால் நிலத்தடியில் உண்டாகும் வாயு. அண்டா மாற்றி ஊற்றினால் பறந்துவிடும். தொட்டியில் மட்டும் வந்தால் அடிச்சேறு.

சாக்கடை வாடை, அல்லது சோப்பு நுரை: இதை வேறு வகையில் சேருங்கள். கிணற்றுக்கும் செப்டிக் டேங்க்குக்கும் இடையே ஐம்பதடியாவது வேண்டும். மனை சின்னதாகிவிட்ட ஊர்களில் இருபதடியில் இருக்கும். சித்திரையில் நல்ல தண்ணீராக இருந்து கார்த்திகையில் மட்டும் கெட்டால் இதுதான் காரணம். ஊற்றுமட்டம் ஏறிச் செப்டிக் டேங்க்கின் அடியைத் தொட்டுவிட்டது. பிளீச்சிங் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், தினம் வந்துகொண்டே இருக்கும். மழைக்காலம் முழுதும் அந்தக் கிணற்றைக் குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு குடிக்கக் குழாய்த் தண்ணீருக்கு மாறுங்கள். நிரந்தர வழி, டேங்க்கைச் சுத்தம் செய்து, அடித்தளம் போட்டுக் கசியாமல் பூசுவது. கொத்தனார் வேலை, செலவும் அதிகம். டேங்க்குக்குள் எவரும் இறங்கக் கூடாது. கழிவுநீர் லாரி வைத்து உறிஞ்ச வேண்டும்.

## உப்புக் கரிக்கிறது

வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை, தரங்கம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே டி.டி.எஸ். மீட்டர் உதவும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி 500க்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத ஊரில் 2,000 வரை அனுமதி.

கோடையில் மட்டும் உப்பு: அதிகம் இறைக்கிறீர்கள். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் கீழே உள்ள உப்பு கூம்பாக மேலேறும். சின்ன மோட்டார், காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று மாற்றிப் பாருங்கள். போரை இன்னும் ஆழப்படுத்தினால் உப்பு கூடத்தான் செய்யும்.

கடல் ஏறிய பிறகு உப்பு: 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை கடலோரக் கிணறுகளுக்கு நேர்ந்தது இது. இறைத்து இறைத்து ஊற்றினால் தெளியும் என்று தோன்றும். வெளியே நிற்கும் உப்புத் தண்ணீரையே மறுபடி உள்ளே இழுப்பதாக முடியும். ஒன்றிரண்டு முறை இறைத்துச் சேறு எடுத்தபின் விட்டுவிடுங்கள். மழைதான் கழுவ வேண்டும். அதுவரை மாதம் ஒருமுறை மீட்டரில் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். குறைகிறதா என்று தெரிய வேறு வழி கிடையாது.

காய்ச்சினால் உப்பு போகாது, கூடும். படிகாரம், கரி, குளோரின் எதுவும் உப்பைத் தொடாது. ஆர்.ஓ. அல்லது மழைத்தண்ணீர், இரண்டே வழி. ஓட்டு வீடானாலும் மாடியானாலும் முதல் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தை வெளியே விட்டு, பிறகு வருவதைத் துணி கட்டிய வாய் வழியே மூடிய தொட்டியில் பிடித்தால் சமையலுக்கும் குடிக்கவும் ஆகும். காய்ச்சியே குடியுங்கள்.

## பிளீச்சிங் வாடை அதிகம், அல்லது வாடையே இல்லை

அதிகமென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அகலமான பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள்.

வாடையே இல்லாததுதான் கவலைப்பட வேண்டியது. கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். டேங்க் ஆபரேட்டரிடம் குளோரின் பார்க்கும் பெட்டி இருக்கும். குழாயில் பிடித்து, துளி விட்டு, நிறத்தைப் பெட்டியில் உள்ள அளவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுத் தொட்டிக்கு: ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பவுடர், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். தங்கம் நிறுக்கிற தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து அந்த ஸ்பூனையே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்குச் சொன்னது போலவே கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி விடுங்கள். அரை மணி கழித்து மெல்லிய வாடை இருந்தால் சரி. இல்லையென்றால் இன்னும் அரை ஸ்பூன்.

ஒரு குடத்துக்கு: 40 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தால் ஒரு சதவீதக் கரைசல். மூடிய நிறப் பாட்டிலில், வெயில் படாமல், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்; ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. தெளிந்த 20 லிட்டர் தண்ணீருக்கு 4 மி.லி. மருந்துக்கடையில் வாங்கும் 5 மி.லி. சிரிஞ்சை ஊசி இல்லாமல் பயன்படுத்தினால் அளவு தப்பாது. குளோரின் மாத்திரை கிடைத்தால் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்குப்படி போடுங்கள். ஒரே மாத்திரையை இரண்டாக உடைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

## தண்ணீரில் புழு

நெளிந்து நெளிந்து மேலே வருவது கொசுப்புழு. தொட்டி மூடி சரியில்லை, அல்லது ஓவர்ஃப்ளோ குழாய்க்கு வலை கட்டவில்லை. அடியில் நூல் மாதிரி சிவப்பாக இருந்தால் தொட்டி அடியில் சேறு மண்டியிருக்கிறது. இரண்டுக்கும் காலி செய்து தேய்த்து, வலை கட்டி, மூடியை இறுக்கினால் முடிந்தது. மருந்து எதுவும் வேண்டாம்.

## ஆர்.ஓ. ஓடுகிறது, தண்ணீர் சரியில்லை

தண்ணீர் குறைந்தால் முதலில் செடிமென்ட் கேண்டில், பிறகு கரி, கடைசியில் மெம்பரேன். இதே வரிசையில் மாற்றுங்கள். நேராக மெம்பரேனை மாற்றச் சொல்லும் டெக்னீஷியனிடம், உள்ளே போகும் டி.டி.எஸ்.ஸையும் வெளியே வருவதையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். 1,500 உள்ளே போய் 150க்குள் வெளியே வந்தால் மெம்பரேன் உயிரோடு இருக்கிறது.

இரண்டு கம்பியை டம்ளரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் சேறாக மாறுவதைக் காட்டும் விற்பனை வித்தைக்கு மயங்காதீர்கள். அந்த நிறம் கம்பியின் இரும்பு கரைந்து வருவது. உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால்தான் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் தெளிவாகவே நிற்கிறது.

டி.டி.எஸ். 500க்குள் இருக்கும் கூட்டுக் குடிநீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு மூன்று பங்கைச் சாக்கடையில் விடும் மிஷின் அது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, ஆர்.ஓ.வை மட்டும் நம்பிய வீட்டில் அப்போது என்ன குடிப்பது? ஐப்பசிக்கு முன் ஒரு அட்டை குளோரின் மாத்திரையும் நல்ல அடிபம்பு வாஷர் ஒன்றும் வாங்கி வைப்பது மலிவு.

## எல்லாம் தெளிவு, ஆனால் வீட்டில் வயிற்றுப்போக்கு

காய்ச்சும் முறையைப் பாருங்கள். குமிழ் புரண்டு கொதித்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அதற்குப் பிறகு செய்வதில்தான் தப்பு நடக்கிறது: ஆற வைக்கப் பச்சைத் தண்ணீர் கலப்பது, காய்ச்சிய பாத்திரத்திலிருந்து கழுவாத குடத்துக்கு மாற்றுவது, விரல் முங்க டம்ளர் விட்டு மொள்வது. குழாய் வைத்த குடமோ, நீளப் பிடி அகப்பையோ வைத்தாலே பாதித் தொல்லை தீரும். மழைக்காலத்தில் பாட்டிலை வெயிலில் காய வைக்கும் முறையை நம்பாதீர்கள். ஐப்பசி மேகத்தில் அதற்கு வெயில் போதாது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைப்பவர்கள் வயலோரக் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் பார்த்தே ஆக வேண்டும். உர வயலிலிருந்து இறங்குவது அது. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் வேறு தண்ணீர். காய்ச்சினால் நைட்ரேட் கூடும்.

கஞ்சித்தண்ணீர் போல் பேதி, கண் குழிவது, சிறுநீர் நின்றுபோவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தண்ணீரைச் சரிசெய்து கொண்டிருக்க நேரமில்லை. ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், முடியாவிட்டால் 108. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியதானது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் எந்தக் குழாய், எந்தக் கிணறு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது வழக்கமாக நடக்கும் தவறு, கிடைத்த பாட்டிலில் பிடிப்பது. கிருமிப் பரிசோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் சுத்தம் செய்த பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். குழாய் வாயைத் துடைத்து, லைட்டர் தீயில் காட்டி (பிளாஸ்டிக் குழாய் என்றால் பிளீச்சிங் கரைசலில் துடைத்து), இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, கொஞ்சம் இடம் விட்டு மூடுங்கள். ஐஸ் போட்ட பையில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ரசாயனப் பரிசோதனைக்கு வேறு பாட்டில், இரண்டு லிட்டர். ஊராட்சியில் கிடைக்கும் சின்னக் கிருமிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி வைத்து 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் ஆய்வுக்கூட அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தண்ணீரை அப்போதே குடிப்பதற்கு நிறுத்திவிடுங்கள்.